காயவைக்கக் கூடாத மண்

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் போகும் சாலையில் மேற்கே திரும்பினால், மலையடிவாரம் வரைக்கும் மாவும் தென்னையும்தான். செம்மண்ணும் மணலும் கலந்த இளகிய நிலம். தண்ணீர் தேங்காது, வேர் நன்றாக ஓடும். நூற்புழுவுக்கும் இதே மண்தான் பிடிக்கும். ஊருக்குக் கிழக்கே உள்ள கரிசலைவிட இந்தப் பக்கத்து இளகிய மண்ணில் அதன் நடமாட்டம் சுலபம்.

அங்கே இருந்த என் 2 ஏக்கர் கொய்யாவை அழித்ததும் அதுதான். நடுவதற்கு முன்பு மண்ணைப் பரிசோதிக்காமல் இல்லை. தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு எடுப்பதுபோலவே எடுத்து, நிழலில் 3 நாள் உலர்த்தி, கட்டியைத் தட்டி, சலித்து அனுப்பினேன். 'நூற்புழு இல்லை' என்று முடிவு வந்தது. மூன்றாம் வருடம் இலை செம்பழுப்பாகி மரங்கள் வாடின. தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு.

தவறு என்னுடையது. நூற்புழுவைப் பிரிக்கும் முறைகளில் ஒன்று, பேயர்மன் என்ற மருத்துவர் கொக்கிப்புழுக் குஞ்சுகளைத் தேடுவதற்காக 1917-ல் வெளியிட்டது. புனலில் தண்ணீர் நிரப்பி, அதைத் தொடுகிற மாதிரி மெல்லிய துணியிலோ தாளிலோ மண்ணை வைப்பார்கள். உயிருள்ள புழு நெளிந்து தண்ணீருக்குள் இறங்கும். செத்தது மண்ணிலேயே கிடந்துவிடும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத புழு அது. நான் காயவைத்துக் கொன்றுவிட்டுத்தான் எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அண்ணாச்சி கூப்பிட்டார். செண்பகத்தோப்பு சாலையில் நிலம். 400 கொய்யாக் கன்று வாங்கி இறக்கிவிட்டார். "மண்ணு எடுத்துக் கொடுத்துட்டுப் போ தம்பி" என்றார். காலை 6 மணிக்கே கிளம்பினேன். சுமார் 11 கிலோமீட்டர்தான். ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும்போது வெயில் ஏறவில்லை. இந்த வேலைக்கு அதுதான் நேரம்.

தண்ணீர் பாய்ச்சி 3 நாள் ஆன நிலம். கையில் பிடித்தால் உருண்டையாகும், பிழிந்தால் நீர் வராது. அந்தப் பதம்தான் வேண்டும். மேல்மண்ணை இரண்டு விரல் அளவுக்கு ஒதுக்கிவிட்டு, அரையடி முதல் ஒரு அடி ஆழம் வரை எடுத்தோம். ஏக்கருக்கு 15 முதல் 20 இடம், வளைந்து வளைந்து நடந்து. வாளியில் மெதுவாகக் கலந்து, கால் கிலோ மண்ணைப் பாலித்தீன் பையில் கட்டினோம்.

"கொஞ்சம் காயட்டும்ப்பா, ஈரமா இருக்கே" என்று அண்ணாச்சி பையைத் திண்ணை வெயிலில் வைக்கப் போனார். பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"அண்ணாச்சி, இது உரத்துக்குப் பார்க்கிற மண்ணு இல்ல. உள்ளே உசுரு இருக்கு. அது செத்துப்போனா நமக்குப் பொய்தான் பதிலா வரும்."

மரம் நிற்கிற தோட்டமாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பட்டுப்போன மரத்தடியில் எடுக்காதீர்கள். அங்கே தின்ன வேர் இல்லாததால் புழுவும் குறைந்திருக்கும். இப்போதுதான் வெளுக்கத் தொடங்கிய மரங்களின் அடியில், சல்லிவேர் ஓடும் இடத்தில் எடுங்கள். 10 கிராம் சல்லிவேரையும் மண்ணோடு அதே பையில் போடுங்கள். பயிர், முந்தைய பயிர், தேதி எல்லாவற்றையும் பையின் வெளியே எழுதுங்கள்.

கிளம்பும்போது நிழலில் அடுக்கியிருந்த கன்றுகள் கண்ணில் பட்டன. நான்கைந்தின் பையைக் கிழித்து, வேரை வாளித் தண்ணீரில் அலசினோம். இரண்டில் மணிமணியாக முடிச்சு. உளுந்து வேரில் இருக்கிற நல்ல முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். இது வேரே வீங்கியது, உதிராது.

அண்ணாச்சி பேசவில்லை. நிலத்தைச் சந்தேகப்பட்டு வந்தோம். வினை கன்றுப் பையில் இருந்தது. கொய்யாவைக் கடுமையாகத் தாக்கும் ஒரு வகை வேர்முடிச்சு நூற்புழு தமிழ்நாட்டில் இருப்பது 2016-ல் ஆய்விதழில் பதிவானது. அது ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் இப்படிக் கன்றோடு வரும் மண்ணில்தான். புல்தரைக்குப் பாளம் பாளமாக வாங்கும் புல்லிலும் இதே ஆபத்து உண்டு. புழு துளைத்த வேர் வழியாக வாடல் பூஞ்சாணமும் எளிதாக உள்ளே புகும்.

நிலத்து மண் ஒரு பை, கன்றின் மண்ணும் வேரும் ஒரு பை. தெர்மாகோல் பெட்டியில் வைத்து, அன்று இரவே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக நூற்புழுவியல் துறைக்குக் கொண்டுபோனோம். வண்டியில் வெயில் படும் இடத்தில் வைக்கவில்லை, ஐஸ் பெட்டியிலும் உறையவிடவில்லை. முடிவு வந்தது: நிலத்தில் வேர்முடிச்சுப் புழு இல்லை, கன்றில் இருந்தது.

400 கன்றும் திரும்பிப் போயின. குழிகள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன. "ஒரு பட்டம் போனா என்ன தம்பி, நிலம் தப்பிச்சுதே" என்கிறார் அண்ணாச்சி. அடுத்த கன்று வாங்கப் போகும்போது ஒரு வாளியும் கொண்டுபோவாராம்.