பின்வளவில் விழுந்தவர்கள்

ரெஸ்லிங் வகுப்பில் பின்பக்கமாக விழச் சொன்னால் புதிதாக வருகிறவன் பயப்படுவான். முழங்காலை மடிப்பான், கையைப் பின்னால் ஊன்றப் பார்ப்பான், இரண்டு தரம் திரும்பி நிலத்தைப் பார்ப்பான். வீட்டுப் பின்வளவில் பழகிவிட்டு வருகிறவன் அப்படியில்லை. சொன்ன மறுகணம் துள்ளி மேலே எழுந்து தொப்பென்று விழுவான். நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்காது. மூச்சு அடைபட்டிருக்கும். தோள்மூட்டு முதலில் தரையில் படும். பயமில்லாமல் பிழையாக விழுகிறவன் அவன். பயந்தவனுக்கு நாலு கிழமையில் விழக் கற்றுக்கொடுத்துவிடலாம். மற்றவனுக்கு ஆறு மாதமாவது வேண்டும், ஏனென்றால் முதலில் அவன் மறக்க வேண்டும்.

போன வசந்தத்தில் எங்கள் வகுப்புக்கு அப்படி ஒருவன் வந்தான். ஸ்காபரோவில் ஒரு வாகனத் திருத்தகத்துக்கும் தச்சுப் பட்டறைக்கும் நடுவிலுள்ள கூடத்தில்தான் எங்கள் ரிங் நிற்கிறது. பதினெட்டு வயது, தமிழ்ப் பெடியன். "எங்கே பழகினனீ?" என்று கேட்டேன். "யூடியூப் பாத்து, அண்ணா" என்றான். முழங்கையில் பழைய தழும்பு இரண்டு. கழுத்தின் பின்புறம் ட்யூப்லைட் கண்ணாடி கீறிய கோடு. யூடியூப் யாருடைய கழுத்தையும் கீறுவதில்லை.

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. 2001இல் என்னுடைய பயிற்சியாளர் இதே கேள்வியைக் கேட்டபோது "எங்கேயும் இல்லை" என்று சொன்னவன் நான். எங்கள் தொழிலில் 'பேக்யார்டர்', அதாவது பின்வளவுக்காரன், என்பது பெயரில்லை, வசை. ஒருவனுடைய வேலை பிடிக்கவில்லையென்றால் பழையவர்கள் அந்த ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். உடைமாற்றும் அறையில் அதற்குப் பிறகு அவனுக்குக் கைகொடுக்க ஆள் இருக்காது.

பழையவர்களின் மனக்குறை எனக்கு மனப்பாடம். சந்துக்குச் சந்து பெடியள் கதிரையால் மண்டையில் அடித்துக்கொள்கிறார்கள்; ஒருவன் கழுத்தை முறித்துக்கொண்டால் பேப்பரில் 'ரெஸ்லிங்' என்றுதான் வரும்; நாற்பது வருடமாக நாங்கள் கட்டிக் காத்த பெயரை ஒரு பழைய மெத்தையும் ஒரு கேமராவும் கெடுத்துவிடும். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்கிற வாயைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும்.

எங்கள் தொழிலின் பெரிய பெயர்களில் ஒருவரான மிக் ஃபோலி கல்லூரிப் பருவத்தில் நண்பன் வீட்டுக் கூரையிலிருந்து மெத்தை மேல் குதித்து அதைப் படம் பிடித்து வைத்திருந்தார். அந்தப் பழைய படத்தை 1997இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற ரெஸ்லிங் நிறுவனம் தன் நிகழ்ச்சியிலேயே காட்டியது. அவர்மேல் மக்களுக்குப் பாசம் வந்ததற்கு அந்தக் கூரையும் ஒரு காரணம். வட கரோலைனாவில் கேமரன் என்ற சிற்றூரில் ஹார்டி சகோதரர்கள் தொடங்கியது வீட்டுப் பின்புறத்து ட்ராம்போலினில். சிஎம் பங்க் சிகாகோவில் கூட்டாளிகளோடு ஒரு பின்வளவுக் குழுவில் அடிபட்டுவிட்டுத்தான் முறையான பள்ளிக்குப் போனார். யங் பக்ஸ் சகோதரர்கள் கலிஃபோர்னியாவில் சொந்த வீட்டுப் பின்புறத்திலேயே ரிங் வைத்திருந்தவர்கள். 2019இல் ஏஇடபிள்யூ என்ற ரெஸ்லிங் நிறுவனம் தொடங்கியபோது அதன் நிர்வாகத் துணைத் தலைவர்களாக உட்கார்ந்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தொழிலில் எல்லோரும் கோயில் மாதிரிப் பேசுகிற இடம், கல்கரியில் பயிற்சியாளர் ஸ்டூ ஹார்ட்டின் 'டஞ்சன்'. அது என்ன? அவருடைய வீட்டு நிலவறை. பின்வளவுக்கும் அதற்கும் ஒரு மாடிப்படிதான் தூரம்.

ஆனால் அந்த மாடிப்படி சின்னதில்லை. நிலவறையில் ஸ்டூ ஹார்ட் இருந்தார். ஃபோலியும் கூரையிலிருந்து நேராக ரிங்குக்குப் போய்விடவில்லை. பென்சில்வேனியாவில் டொமினிக் டெனூச்சியிடம் பழகுவதற்காக நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரியிலிருந்து வாராவாரம் நூற்றுக்கணக்கான மைல் காரோட்டிப் போய், இரவில் காரிலேயே படுத்தெழும்பியவர். எங்கள் ஒன்ராறியோப் பெடியன் எட்ஜ், 'நான் ஏன் ரெஸ்லர் ஆக வேண்டும்' என்று பதினேழு வயதில் ஒரு போட்டிக்குக் கட்டுரை எழுதினார். பரிசு, ரொறன்ரோவில் ஸ்வீட் டாடி சிக்கியிடமும் ரான் ஹட்சிசனிடமும் இலவசப் பயிற்சி. கட்டுரை எழுதி ஒருவன் உலகச் சம்பியனான கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. தமிழ் வகுப்பில் என்னைக் கட்டுரைக்காக அடித்த ஆசிரியருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

என்னுடைய பின்வளவுக் கதைக்கு வருகிறேன். 1999 ஜனவரி. ரொறன்ரோவில் பனி கொட்டி, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்ட மாதம். எங்கள் டவுன்ஹவுஸின் பின்வளவில் பனி இடுப்பளவு குவிந்து கிடந்தது. எங்களுக்கு அது கடவுள் விரித்த மெத்தை. பதினாறு வயது, ஐந்து பேர், ஒரு கேமரா, அட்டையில் வெட்டிய பெல்ட். கூட்டாளியைத் தோளுக்கு மேல் தூக்கி அவன் முதுகு அடிபட இறக்கும் 'பவர்பாம்'. ரீவியில் நூறு தரம் பார்த்திருக்கிறோம். தூக்கினேன். இறக்கும்போது கைவிட்டேன்.

அந்த ஒரு வினாடியைப் பற்றித்தான் இருபது வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரீவியில் எறிவது தெரியும். எறிகிறவன் கடைசிவரை விடாமல் பிடித்திருப்பது தெரியாது. அவனுடைய இரண்டு கையும் மற்றவனின் தொடையையோ இடுப்பையோ பற்றி, அவன் முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி வழிநடத்துகிறது. கேமரா முகத்தைக் காட்டும், கையைக் காட்டாது. நான் முகத்தைப் பார்த்துப் பழகியவன். பனிக்குக் கீழே ஐஸ் கட்டியிருந்தது. அவன் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தான். உலர்ந்த கொப்பை மிதித்தது போல ஒரு சத்தம். காறை எலும்பு. கேமரா வைத்திருந்தவன் அதையும் எடுத்துக்கொண்டு நின்றான், "டேய், நிஜமா, நிஜமா!" என்று கத்தியபடி.

அவன் கை தொட்டிலில் ஆறு கிழமை. எங்கள் அம்மா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை, பேசியபோது, "அந்தத் தாய்க்கு நான் என்னெண்டு முகம் குடுக்கிறது?" என்றாள், அவ்வளவுதான். அப்பா தாராசிங், கிங்காங் என்ற பழைய மல்லர்களின் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர். "அவங்கள் உண்மையாப் பிடிச்சவங்கள். நீங்கள் பாக்கிறது நாடகம். அந்த நாடகத்தைப் பாத்துக் கெட்டுப்போனியள்" என்றார். அந்த இருவரும் ஊர் ஊராகப் போய்த் திரும்பத் திரும்ப ஒருவரோடொருவர் மோதியவர்கள் என்பதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. சில பெயர்களைக் கெடுக்கக் கூடாது.

இரண்டு வருடம் கழித்து முறையாகப் பழகப் போனேன். முதல் மூன்று மாதம் விழுவது மட்டும்தான். குந்தியிருந்து விழ வேண்டும், பிறகு பாதி எழுந்து, பிறகு நின்று. நாடி நெஞ்சில். கண் வயிற்றைப் பார்க்க வேண்டும். கைகள் உடம்பிலிருந்து சற்று அகன்று, உள்ளங்கை கீழ்நோக்கி, முதுகு படுகிற அதே கணத்தில் தரையை அறைய வேண்டும். மூச்சை அப்போது வெளியே விட வேண்டும். உள்ளே பிடித்தால் நெஞ்சு தகரப் பீப்பாய் மாதிரி அதிரும். ரிங் மெத்தையென்று நினைப்பவர்களுக்காக: இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் ஒல்லியான ஒரு பஞ்சு, அதன்மேல் இழுத்துக் கட்டிய கன்வஸ். கயிறென்று நீங்கள் நினைப்பது எங்களுடையதில் இரும்புக் கேபிள். தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற ஹோஸுக்குள் அதை நுழைத்து டேப் சுற்றியிருக்கிறோம். அதில் ஓடிப் போய் முதுகைச் சாய்த்துப் பழகிய முதல் கிழமை விலாவில் கத்தரிக்காய் நிறத்தில் மூன்று வரி.

அதற்குப் பிறகுதான் மற்றவன் உடம்பு. இங்கே எல்லாப் பிடியும் இடது பக்கம்தான்: இடது கழுத்து, இடது கை. எவனோடு மோதினாலும், அவன் எந்த ஊரானாலும், இருட்டிலும் கை தானாக இடது பக்கம் போகும். மெக்சிக்கோவில் வலது பக்கம். அங்கேயிருந்து ஒருவர் வந்தால் முதல் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் கண்ணாடிக்கு முன்னால் சவரம் பண்ணுகிற மாதிரித் தடுமாறுவோம். ஹெட்லொக்கில் தலை நசுங்குவதாகச் சனம் நினைக்கும். உள்ளே ஒரு முட்டை வைத்தாலும் உடையாது. கையை மெல்ல அழுத்தினால் 'சுகமா?' என்று அர்த்தம். திரும்ப அழுத்தினால் 'சுகம்'. திரும்ப அழுத்தாவிட்டால் ஆட்டம் அங்கேயே மெதுவாகும்.

எனக்குப் பின்வளவோடு உள்ள சண்டை இங்கேதான், பழையவர்கள் சொல்கிற இடத்தில் இல்லை. எங்கள் வேலை, மெதுவாகத் தொட்டதைப் பேரடியாகக் காட்டுவது. பின்வளவில் நடப்பது, பேரடியையே அடித்துவிட்டு அதைத் திறமை என்று சொல்வது. முள்ளுக்கம்பியில் விழ யாருக்கும் பள்ளிக்கூடம் வேண்டாம். அந்த வீடியோக்களைப் பார்த்துப் பழகிய கண், ஒரு நல்ல ஹெட்லொக்கைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறது. "ரத்தம் வரேல்லை, அப்ப பொய்" என்கிறது. கேமரா வைத்திருந்த எங்கள் கூட்டாளி கத்தினானே, 'நிஜமா' என்று. பின்வளவுக்காரனுக்கு அது பாராட்டு. எங்களுக்கு அது தோல்வி. உண்மையாகவே காயம் என்று நடுவர் இரண்டு கையையும் எக்ஸ் மாதிரித் தூக்கிக் காட்டுகிற நேரம். பெயர் கெட்டதா என்பதைவிடப் பார்வை கெட்டதா என்பதே என் கவலை.

அந்தப் பார்வையைக் கெடுத்தது பின்வளவு மட்டும்தானா என்றால், இல்லை. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். கம்பிக்கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் என்ற ரெஸ்லர் தள்ள, ஃபோலி கீழேயிருந்த வர்ணனையாளர் மேசையை உடைத்துக்கொண்டு விழுந்தார். ஃபோலியின் நல்ல ஆட்டங்கள் எத்தனையோ இருக்க, இன்றும் சனம் போட்டுக் காட்டுவது அதைத்தான். அடுத்த ஜனவரியில் நாங்கள் பனிக்குள் நின்றோம். ஒரு பக்கம் 'வீட்டில் செய்து பார்க்காதீர்கள்' என்று அறிவிப்பு. மறுபக்கம் செய்து பார்க்கத் தூண்டுகிற காட்சி, திரும்பத் திரும்ப. 2003இல் ஐடோஸ் நிறுவனம் பின்வளவு ரெஸ்லிங்கை வீடியோ கேமாகவே விற்றது. அந்த கேமின் பெயரிலேயே 'டோன்ட் ட்ரை திஸ் அட் ஹோம்' என்ற எச்சரிக்கை ஒட்டியிருந்தது. எச்சரிக்கையே விளம்பரமாகிவிட்ட பிறகு பெடியளைப் பிடித்து ஏசி என்ன செய்ய?

பழகாதவன் தொழில்முறை ரிங்குக்குள்ளேயே வந்த கதையும் இருக்கிறது. 1996 நவம்பரில் மாசசூசெட்ஸ் ரெவியரில் ஈசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் நிறுவனத்தின் நிகழ்ச்சி. வரவேண்டிய ஆள் வரவில்லை. அந்த இடத்துக்குப் பதினேழு வயதுப் பெடியன் ஒருவன், வயதையும் கூட்டிச் சொல்லி, பெரிய ஆளிடம் பயின்றதாகவும் சொல்லி உள்ளே போனான். ஒருவரும் சரிபார்க்கவில்லை. காட்சிக்காக நெற்றியில் கீறிய வெட்டு ஆழமாகி, ரத்தம் பீறிட்டது. வழக்கு, பத்திரிகை எல்லாம் வந்தன. அன்று பெயரைக் கெடுத்தது பொய் சொன்ன பெடியனா, கதவைத் திறந்துவிட்ட பெரியவர்களா? 1999இல் ஓவன் ஹார்ட் கன்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். அவர் அந்த நிலவறையில் பயின்றவர். அவரை அங்கே தொங்கவிட்டது பின்வளவுக் குழுவல்ல.

ஆகவே ஸ்காபரோப் பெடியனை நான் திருப்பி அனுப்பவில்லை. அவனுடைய கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள், ஒருவன் நின்றான். முதல் மாதம் ரிங் பலகை தூக்குவதும் கன்வஸ் இழுத்துக் கட்டுவதும்தான் வேலை. பலகையைத் தோளில் சுமந்தவனுக்கு அது எவ்வளவு கெட்டியென்று தெரியும். பிறகு யாரையும் அதன்மேல் எறிய யோசிப்பான். முதலில் வந்த பெடியனுக்கு நாடியை நெஞ்சில் வைக்கப் பழக்க ஒரு டெனிஸ் பந்தைக் கழுத்துக்கும் நாடிக்கும் இடையில் வைத்து விழவைத்தேன். முதல் நாள் பந்து இருபத்தேழு தரம் உருண்டு போனது, எண்ணினவன் அவன்தான்.

ஏழாவது மாதம், ஒரு சனிக்கிழமை, அவன் என்னைத் தூக்கிப்போட வேண்டிய நாள். வெறும் பொடி ஸ்லாம். கால்களுக்கு நடுவில் ஒரு கை, தோள்மேல் ஒரு கை, தூக்கிச் சுழற்றி முதுகு படப் போடுவது. தூக்கினான். மேலே இருக்கும்போதே தெரிந்துவிட்டது: அவனுடைய வலது உள்ளங்கை என் முதுகின் நடுவில், கடைசி அங்குலம்வரை விடவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினான். நான் இரண்டு கையாலும் பலகையை அறைந்தேன். கூடம் முழுக்க இடி விழுந்த சத்தம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அவனுடைய அம்மா. அடுத்த மாதக் காட்சிக்கான படிவத்தைக் குடுக்க வந்தவ. வேலைக்குப் போகிற உடுப்போடு, கையில் கார்ச் சாவியோடு, சிலை மாதிரி நின்றா. மகனை ஒரு பார்வை பார்த்தா, பிறகு கயிற்றுக்கருகில் ஓடி வந்து என்னைக் குனிந்து பார்த்தா.

"ஐயோ தம்பி, நோகேல்லையோ? எழும்ப ஏலுமோ?"

பெடியன் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, மற்றக் கையால் கயிற்றைத் தேடி, அரைவாசி எழுந்து திரும்பவும் முழங்காலில் சரிந்தேன்.

"கொஞ்சம் நோகுதுதான், அக்கா" என்றேன்.