தோட்டத்துக் கிராணியும் வீட்டுத் திசைவியும்



வெளியூரில் இருந்துகொண்டே வீட்டுக் கணினியைத் திறக்க முடியுமா என்று சக ஆசிரியர்கள் சிலர் கேட்டிருந்தனர. முடியும். ஆனால் எந்த வழியாகத் திறக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

நம் வீட்டு இணைய இணைப்போடு வரும் சிறு பெட்டியே திசைவி. ரூட்டர் என்றால் எல்லாருக்கும் விளங்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் வேலையை எளிதாக விளக்கலாம். லயத்து வீடுகளுக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வரும். கிராணி பெயரைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். திசைவியும் அப்படித்தான். வீட்டுக்குள் இருக்கும் கணினிக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும். அதே எண் உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் உண்டு. ஆகவே வெளியுலகில் அது செல்லாது. வெளியே தெரிவது திசைவியின் எண் மட்டுமே. உள்ளிருந்து சென்ற கேள்விக்குப் பதில் வந்தால், கேட்டது யார் என்று குறித்து வைத்திருக்கும் திசைவி உரியவரிடம் சேர்க்கும். கேளாமல் வருவதை ஒதுக்கிவிடும்.

2020 மார்ச் மாதம் பள்ளி விடுமுறைக்கு நான் சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டில் இருந்தேன். 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பல ஆண்டுகளாகத் தயாரித்த பயிற்சித்தாள்கள் எல்லாம் கிள்ளான் வீட்டுக் கணினியில் கிடந்தன. கணவர் அங்கே இருந்தார். அவருக்கோ எந்தக் கோப்பு எங்கே என்று தெரியாது. (எனக்கே சில சமயம் தேடத்தான் வேண்டியிருக்கும்.)

கணினி அறிந்த உறவினர் ஒருவர், "அக்கா, ரூட்டர்ல 3389 வாசலத் திறந்துவிட்டா போதும், நேரா உள்ளே போயிடலாம்" என்றார். அதாவது, அந்த எண்ணிட்டு யார் கடிதம் போட்டாலும் நேரே நம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடு என்று கிராணிக்கு ஆணையிடுவது. எனக்கு உடன்பாடில்லை. அக்கணினியில் பயிற்சித்தாள்கள் மட்டுமா இருந்தன? மாணவர்களின் பிறப்புப் பத்திர எண்கள், பெற்றோரின் வருமான விவரம், வகுப்புப் படங்கள், எல்லாம் இருந்தன.

நம் வீட்டை யார் தேடப் போகிறார்கள் என்று எண்ண வேண்டா. பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி இணைய எண்கள் உள்ளன. அவை அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட வாசல் திறந்திருக்கிறதா என்று ஒரே கணினியைக் கொண்டு 45 நிமிடத்திற்குள் பார்த்துவிடலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். 2019 மே மாதம் இதே 3389 வாசல் வழியாகக் கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழையக்கூடிய ஓட்டை வெளிப்பட்டு, மைக்ரோசாப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. மேலும், சில இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளி எண்ணின் கீழ் வைக்கின்றன. கிராணிக்கு மேலே பெரிய கிராணி! அங்கே நாம் நம் வாசலைத் திறந்தும் பயனில்லை.

நான் தேர்ந்தது குரோம் ரிமோட் டெஸ்க்டாப். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவையும் இவ்வகையே. வீட்டுக் கணினியும் என் மடிக்கணினியும் தாமே வெளியே சென்று ஓர் இடைநிலைச் சேவையகத்தில் சந்தித்துக்கொள்கின்றன. இரண்டுமே உள்ளிருந்து புறப்படுவதால் திசைவியில் எதையும் திறக்க வேண்டியதில்லை. இடையில் இருப்பவரை நம்பத்தான் வேண்டும். அதனால் என் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும், கணினிக்கு எளிதில் ஊகிக்க முடியாத இரகசிய எண்ணும் வைத்தேன். கணவர் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நிறுவி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முதல் நாள் பாதியில் இணைப்பு அறுந்தது. கணினி உறக்க நிலைக்குப் போய்விட்டது. அந்த அமைப்பை மாற்றிய பின் தொல்லையில்லை. சுட்டி தானாக நகர்வதைப் பார்த்துக் கணவர்தான் சற்றுத் திகைத்தார்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கியிலிருந்து பேசுகிறேன், காவல் நிலையத்திலிருந்து பேசுகிறேன் என்று எவரேனும் அழைத்து இத்தகைய செயலியை நிறுவச் சொன்னால், அல்லது திரையில் தோன்றும் எண்ணைக் கேட்டால், உடனே தொலைபேசியை வைத்துவிடுங்கள். அந்த எண்ணைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதாகும்.

மாணவர் விவரக் கோப்புகளை அவ்வாண்டே தனி வன்தட்டுக்கு மாற்றிவிட்டேன். அது எந்தக் கணினியோடும் இணைக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.