எழுவாய் இல்லாத படங்கள்

ஒளிப்படத் திட்டப்பணிக்குத் ‘தனிமை’ என்று தலைப்புக் கொடுத்தால் என் மாணவிகள் மாமல்லபுரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். ஈர மணல், கடலைப் பார்த்து நிற்கும் ஒருத்தியின் முதுகு, காற்றில் துப்பட்டா. நெய்தலின் இரங்கல் இரண்டாயிரம் ஆண்டாக அங்கேதான் நிற்கிறது. அவர்களை என்ன சொல்ல?

ஒருத்தி மட்டும் செங்கல்பட்டிலேயே, திருமணிக்குப் போனாள். லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக இருந்து, 1955இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான இடம். வெளிச் சாலையையும் மரங்களையும் மட்டும் எடுத்திருந்தாள். ஆளே இல்லையே என்று வகுப்பில் கேட்டார்கள்.

“ஆளுங்கள எதுக்கு மேம் எடுக்கணும்? எங்க ஆயாவ இங்க கொண்டாந்து விட்டவங்க வீட்டுலதானே இருந்தாங்க.”

தனிமை என்ற சொல்லில் எழுவாய் ஒளிந்துகொள்கிறது. தனிமைப்படுத்து என்றால் ‘யார்’ என்ற கேள்வி வந்துவிடும்.

அதே 1955இல் வந்த இந்து திருமணச் சட்டம், துணைக்குக் கடுமையான தொழுநோய் என்றால் மணமுறிவு கேட்கலாம் என்றது. எழுத்தில் இருவருக்கும் பொது. ஆனால் தொழுநோயாளிக் கணவனைக் கூடையில் சுமந்த நளாயினியைச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்! மனைவியைச் சுமந்தவன் கதை எதையும் நான் படித்ததில்லை, பாடம் எடுத்ததுமில்லை. 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்து நோய் முழுதாகக் குணமான பிறகும், அந்த விதி 2019 வரை நீடித்தது.

அவளுடைய தொகுப்பில் இன்னும் ஒரு படம் பாக்கி. ஆயா வாழ்ந்த வீட்டின் வாசல். தாத்தாவின் இரண்டாம் குடும்பம் அங்கே இருக்கிறது. அனுமதி கேட்டிருக்கிறாள்.