தண்ணீர் வெள்ளையாக ஓடும் வரை

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கெடார். பௌர்ணமி இரவுகளில் கிரிவலத்துக்குப் போகும் வேன்களும் வாடகைக் கார்களும் இந்த வழியில் விடிய விடிய ஓடும். கரும்பு அரவைக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் டிராக்டர்களும் சேர்ந்துகொள்ளும். பல டிரெய்லர்களின் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இருக்காது. நின்றுகொண்டிருக்கும் கரும்பு வண்டி கிட்டே போன பிறகுதான் தெரியும் என்றால், அதற்குள் பிரேக் போட நேரம் போதாது. மஞ்சள் பூத்த ஹெட்லைட்டைத் தெளிய வைக்கும் வேலையைப் பார்க்க இங்குள்ள பெயிண்டர் பட்டறைக்கு நான் போனதற்கு அதுவே காரணம்.

தகரக் கொட்டகைக்கு வெளியே, புங்க மர நிழலில் ஒரு வாடகைக் கார் நின்றது. ஷெட் இல்லாமல் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த வண்டி. ஹெட்லைட்டுக்குள் பல்பு இருப்பதே தெரியவில்லை.

"அம்பாசடர் காலத்துல இந்த வேலையே கெடையாது சார். எல்லாம் கண்ணாடி. உடைஞ்சா மாத்துவோம். ஆனா மஞ்சளாவாது" என்றார் பெயிண்டர்.

அவர் சொன்னது சரி. இப்போது ஹெட்லைட்டின் முகப்பு பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய பிளாஸ்டிக் அது. கண்ணாடியைவிட எடை குறைவு, கல் பட்டாலும் லேசில் உடையாது, எந்த வடிவத்துக்கும் வளையும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால் கம்பெனியிலேயே மேலே மெல்லிய காப்புப் பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு வெயிலிலும் புழுதியிலும் தேய்ந்து உரிந்ததும் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றிலும் பெயிண்டில் கீறல் விழாமல் மாஸ்கிங் டேப் ஒட்டினார்கள். பிறகு உதவிக்கு இருந்த தம்பி 800ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை எடுத்தான். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தேய்க்க வேண்டும், காயவே விடக்கூடாது. "தண்ணி மஞ்சளா ஓடுது பாருங்க. பழைய கோட்டிங் இன்னும் இருக்கு. வெள்ளையா ஓடுற வரைக்கும் அடுத்த பேப்பருக்குப் போகக்கூடாது" என்றார் பெயிண்டர். இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவசரப்பட்டு நடுவில் நிறுத்தினால் பழைய பூச்சு திட்டுத்திட்டாக நின்றுவிடும்.

அடுத்து 1000, 1500, 2000, 3000. ஒரு பேப்பரைப் படுக்கையாகத் தேய்த்தால் அடுத்ததை நெடுக்கில் தேய்க்கிறான். முந்தைய கீறல் மிச்சமிருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். தேய்த்து முடிந்தபோது விளக்கு முன்பைவிட மோசமாக, பால் நிறத்தில் இருந்தது. காம்பவுண்டு தடவி மெதுவான வேகத்தில் பஃபிங் போட்டதும் தெளிவு வந்தது. வேகம் கூடினால் சூட்டில் பிளாஸ்டிக் கெட்டுவிடும். தம்பியின் விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன.

பல பேர் இதோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பல்பசை தேய்த்து வீட்டிலேயே முடித்துவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். பளபளப்பு வரும்; ஆனால் காப்பு இல்லாத பிளாஸ்டிக் சில மாதங்களிலேயே மறுபடி மங்கிவிடும். தின்னர் போட்டுத் துடைத்தாலோ உள்ளுக்குள் நுண்விரிசல் ஓடும். அதை எந்தப் பேப்பராலும் எடுக்க முடியாது.

கடைசியாக அடிக்கும் கிளியர் கோட்டுதான் இழந்த காப்பைத் திருப்பித் தருகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரகமாகப் பார்த்து அடிக்க வேண்டும். ஹார்டனர் கலந்த கிளியரில் ஐசோசயனேட் உண்டு. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். பெயிண்டர் முகத்தில் கட்டியிருந்தது ஒரு துண்டு மட்டுமே. அந்தப் புகைக்குத் துணி தடையாகாது. எத்தனையோ பட்டறைகளில் இதுதான் நிலை, மனசு பதறுகிறது.

இத்தனை வேலைக்கும் பலன் உண்டு. அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் அமைப்பு 2018இல் சோதித்தபோது, மங்கிய ஹெட்லைட்டுகள் புதிய விளக்கின் ஒளியில் சுமார் 20 சதவீதமே தந்தன. தேய்த்துப் புதுப்பித்த பிறகு அது சுமார் 70 சதவீதமானது.

உங்கள் கார் விளக்கு மஞ்சளாக இருந்தால் வீட்டிலேயே தேய்க்கலாம், அரை நாள் பொறுமை போதும்; ஆனால் காப்புப் பூச்சை விட்டுவிடாதீர்கள். உள்பக்கம் மங்கியிருந்தால் மட்டும் மாற்றத்தான் வேண்டும். பட்டறையில் கொடுத்தால் கிளியர் கோட் அடிக்கச் சொல்லுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். முடிந்தால் பெயிண்டருக்கு ஒரு நல்ல ஸ்ப்ரே மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.