கிடங்கு!

2022 ஜூன் 28 தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் அப்பா வாங்கின சைக்கிள்தான் இப்ப என்னட்ட இருக்கு. ஞாயிறு விடிய ஒரு குழுவோடு வெள்ளவத்தையில் இருந்து மரைன் டிரைவ், காலிமுகத்திடல், புறக்கோட்டை தாண்டி கொட்டாஞ்சேனை வரை போய் வருவேன்.

குழுவாகப் போகும்போது முன்னுக்குப் போறவரைத் தவிர மற்ற ஆக்களுக்கு ரோட்டு வடிவாகத் தெரியாது. அதனால் கிடங்கைக் கண்டால் கையால் காட்டி, சத்தம் போட்டு, பின்னுக்குக் கடத்த வேணும். சொல்லாமல் பிரேக் பிடிக்கக் கூடாது. ஆரும் பிந்தினால் நிற்க வேணும்.

எங்கட குழுவில் அந்தச் சத்தம் சிங்களத்தில் வரும்: "வள!" என்ர உச்சரிப்புக்குச் சிரிப்பினம் என்று நான் கையை மட்டும் காட்டுவேன். ஒருநாள் கொட்டாஞ்சேனையில் ரெண்டு கையும் ஹாண்டிலில் இருந்தது. பேசாமல் விலத்திப் போட்டேன். பின்னால் வந்த அக்கா விழுந்தா. முழங்கை உரஞ்சி இரத்தம்.

"ஏன் நங்கி சொல்லேல்ல?" என்று சிங்களத்தில் கேட்டா. காரணத்தைச் சொன்னேன். "தமிழிலயாவது கத்தியிருக்கலாமே" என்றா.

அடுத்த ஞாயிறு கத்தினேன்: "கிடங்கு!" அது "கிடங்கு", "கிடாங்கு" என்று கடைசி ஆள் வரைக்கும் போனது. ஒருத்தரும் விழேல்ல. "வள" என்று கத்த எனக்கு இன்னும் வாய் வரேல்ல. அது என்ர பக்கத்துப் பாக்கி.