ஞானப்பல்

மலர்க் குழுவினர் கல்லூரி நினைவொன்றை எழுதுமாறு என்னைப் பணித்தனர். என் நினைவோ வலப்பக்கக் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லிலிருந்தே தொடங்குகின்றது. உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்தில், விடுதியில் ஓரிரவு அது முரசைக் கிழித்துக்கொண்டு தலைகாட்டிற்று. விடுதிப் பொறுப்பாசிரியர் கராம்பெண்ணெய் தோய்த்த பஞ்சை வைத்து, “ஞானம் வருகின்றது, பொறுத்துக்கொள் தம்பி” என்றார். 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், அறிவு முதிரும் பருவத்தில், முளைப்பதனாலே அதற்கு ஞானப்பல் என்று பெயர். பல் பாதியே வெளிவந்தது. ஞானம் எவ்வளவு வந்தது என்பதை என் வகுப்புத் தோழர்களே கூறவேண்டும்.

அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் அது வாளாவிருந்தது. 2023ஆம் ஆண்டில், என் 47ஆவது வயதில், இருமுறை முரசு வீங்கி வாய் திறக்கவியலாது போயிற்று. தமிழாசிரியன் வாய் திறவாதிருந்தால் மாணவர் மகிழ்வர், அதிபர் மகிழார். பல் வைத்தியர் எக்ஸ் கதிர்ப் படத்தைக் காட்டினார். வலப்பக்கத்துப் பல் முன்னோக்கிச் சாய்ந்து அயற்பல்லை முட்டிக்கொண்டிருந்தது. இடையில் உணவுத் துணுக்குகள் தங்கி, குற்றமற்ற அந்த அயற்பல்லிற் சூத்தை தொடங்கியிருந்தது. இடப்பக்கத்து ஞானப்பல்லோ எலும்பினுள் முழுவதும் புதைந்து, எவர்க்கும் தீங்கின்றி உறங்கியது.

“இருபது வயதில் வந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும்” என்றார் வைத்தியர். இளமையில் வேர் முற்றியிராது. எலும்பும் அவ்வளவு இறுகியிராது. நடுவயதில் புண் ஆறுவதும் தாமதிக்கும். அன்றியும், என் பல்லின் வேர் தாடையெலும்பினூடே செல்லும் நரம்பை அண்டி நின்றது. அந்நரம்பு ஊறுபட்டால் கீழுதடும் மோவாயும் விறைத்துப்போகும்; நாவின் நரம்பும் அருகிலேயே உள்ளது. பெரும்பாலும் உணர்வு நாளடைவில் மீளும். அரிதாக மீளாமலும் போகும். அந்த “அரிதாக” என்ற சொல்லே என் உறக்கத்தைக் கெடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பித்துப் பிழைப்பவனுக்கு நாவும் உதடும் கலப்பையும் மண்வெட்டியும் போன்றவை அன்றோ?

“நான்கையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடுங்கள் அத்தான்” என்றார் மைத்துனர். அம்மா உப்புநீரிற் கொப்பளிக்கச் சொன்னார். கொப்பளித்தேன், வீக்கம் வடிந்தது, சூத்தை வடியவில்லை. நோயற்ற ஞானப்பற்களை வழக்கமாகப் பிடுங்குவதைக் கைவிடுமாறு பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தப்பட்டதென்று வைத்தியர் கூறி, இடப்பக்கத்துப் பல்லைத் தொட இசையவில்லை. வலப்பக்கத்ததை இன்னும் பொறுத்திருந்தால், ஒன்றுக்கு இரண்டாகப் பற்களை இழப்பேன்; அப்போது என் வயதும் ஏறியிருக்கும், நரம்போ விலகிப் போயிராது. இக்கணக்கே என்னைத் துணியச் செய்தது.

தவணை விடுமுறையின் முதல் நாளில் பல்லை எடுத்தனர். மறுநாட் காலை கண்ணாடி முன் நின்று “வாழைப்பழம்” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். சொல் பிழையின்றி வந்தது, நாவும் தப்பியது. ஆயின் உதட்டின் வலப்பாதி வேறெவருடையதோ போலிருந்தது. கஞ்சி வழிந்து மோவாயில் நிற்பதையும் நான் அறியேன். இல்லாள் சைகை காட்டுவார். வாரங்கள் சென்றன. வைத்தியர் பொறுத்திருக்கச் சொன்னார். விடுதிப் பொறுப்பாசிரியரும் அன்று அதையே சொன்னார்.

பாடசாலை தொடங்கி நான்காம் நாள், கரும்பலகை முன் நிற்கையில், உதட்டில் எறும்பு ஊர்வது போலிருந்தது. துடைத்துப் பார்த்தேன், எறும்பு இல்லை.