ரப்பர் மரத்தின் தாய்வீட்டுக்கு ஒரு கப்பல் பயணம்



தென் அமெரிக்காவுக்குக் கப்பல் பயணமா, அதுவும் நமக்கா என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். உழைத்து ஓய்ந்த தாய் தகப்பனை உல்லாசக் கப்பலில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டும் பிள்ளைகளை நானே அறிவேன்.

என் அண்ணனும் அப்படித்தான் அம்மாவுக்காகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். காசிக்குப் போகலாமா, பழனிக்குப் போகலாமா என்று கேட்டபோது அம்மா சொன்ன பதில் எங்களைத் திகைக்க வைத்தது.

"நாம வெட்டுன மரம் பிரேசில்லேருந்து வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறியே தம்பி, அந்த ஊரைப் பாக்கணும்."

அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பள்ளி நீண்ட விடுமுறையில் நான்தான் துணைக்குப் போனேன். ரியோ டி ஜெனிரோவில் கப்பலேறி, பிரேசில் கரையோரமாக வடக்கே போய், அமேசான் ஆற்றுக்குள் நுழைந்து மனாவுஸ் நகரில் இறங்கினோம். பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, பின்னால் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

புறப்படுமுன்

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை போட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். பிரேசிலிலிருந்து மலேசியாவுக்குத் திரும்பி வரும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல், தனிமை முகாமுக்குப் போக நேரலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் சில வேளை கடும் பக்கவிளைவு வரக்கூடும். ஆகவே டாக்டர் முழுமையாகப் பரிசோதித்த பிறகே போட வேண்டும். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் தூதரகத்தில் விசாரிப்பது நல்லது.

இரண்டாவது, நகை. பெண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது! தாலிக்கொடியையும் வளையலையும் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போங்கள். ரியோவிலும் சல்வடோரிலும் சங்கிலி பறிப்பவர்கள் உண்டு. கைத்தொலைபேசியை நடுவீதியில் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஆபத்து. கடப்பிதழைக் கப்பல் அறையிலுள்ள பெட்டகத்தில் பூட்டிவிட்டு, அதன் நகலையும் கப்பல் அடையாள அட்டையையும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அன்றைய செலவுக்கு வேண்டிய ரெயால் பணத்தை இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கு ருசி, பேச்சுக்கு மொழி

தென் அமெரிக்கா முழுவதும் ஸ்பானிய மொழிதான் என்று எண்ணிப் போகாதீர்கள். பிரேசிலில் போர்த்துகீசியம். பயப்பட வேண்டாம், உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும்! மேசைக்கு அவர்களும் 'மேசா' என்கிறார்கள். சாவி 'ஷாவி', சன்னல் 'ஜனேலா'. போர்த்துகீசியர் நம் கடற்கரைகளில் விட்டுப்போன சொற்கள்தாம் இவை. நன்றி சொல்ல ஆண்கள் 'ஒப்ரிகாது' என்றும் பெண்கள் 'ஒப்ரிகாதா' என்றும் சொல்ல வேண்டும். அம்மா இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே கப்பல் சிப்பந்திகள் பாதிப்பேரைச் சிநேகிதம் பிடித்துவிட்டார்.

சோறும் பயறும் எங்கும் கிடைக்கும். ஆனால் பயற்றில் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது அங்கே சர்வ சாதாரணம். சைவர்களும், பன்றி உண்ணாதவர்களும் கேட்டுவிட்டு உண்ண வேண்டும். 'செம் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அப்படிச் சொன்னாலும் கோழியும் மீனும் தட்டில் வந்து நிற்கும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் இறைச்சி என்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி! ஆகவே கோழி வேண்டாம், மீன் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ரியோவும் சல்வடோரும்

ரியோவில் கொர்கொவாடோ மலைமேல் 1931-இல் எழுப்பிய ஏசுநாதர் சிலை நிற்கிறது. சிலை மட்டும் 30 மீட்டர் உயரம். 1884 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் ஏறிப் போகலாம். போகுமுன் அண்ணாந்து பாருங்கள். மலையுச்சியில் மேகம் மூடியிருந்தால் பயணச்சீட்டு வாங்காதீர்கள். மேலே ஏறியும் சிலையின் பாதத்தைத்தான் காண்பீர்கள்.

சல்வடோர் இரண்டு அடுக்கு நகரம். துறைமுகம் கீழே, பழைய ஊர் மேலே. வயதானவர்கள் மூச்சுவாங்கப் படியேற வேண்டியதில்லை. 1873 முதல் இயங்கும் லசெர்டா மின்தூக்கி சில நொடிகளில் மேலே கொண்டுபோய் விடும். மேலே கற்கள் பாவிய தெருக்கள். அணைப்பான காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே வெள்ளைப் பாவாடை அணிந்த பெண்கள் தெருவோரத்தில் பலகாரம் சுடுகிறார்கள். பெயர் அக்கராஜே. தட்டைப்பயற்றைத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயம் சேர்த்து, எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். நம் வடைதான்! எண்ணெய் எது தெரியுமா? செம்பனை எண்ணெய். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்த பண்டம் அது. அம்மா வேலை செய்த தோட்டத்திலும் ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனைதான் நட்டார்கள். வடையைக் கையில் வாங்கிய அம்மா, "இங்கேயும் வந்துட்டியா?" என்று எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக் கேட்டார். உள்ளே இறால் வைத்துத் தருவார்கள் என்பதைச் சைவர்கள் மறக்க வேண்டாம்.

கப்பல் காத்திருக்காது

வாசகர்களே, இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள்.

கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், திரும்பத் தாமதமானாலும் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமாக வண்டி பிடித்துப் போனால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். அமேசான் பக்கம் அடுத்த துறைமுகத்துக்குச் சாலையில் போய்விடலாம் என்று நினைப்பதற்கும் இல்லை.

பெலெம் நகரில் பெரிய கப்பல்கள் ஊரருகே வருவதில்லை. எங்களை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி, இக்கொராசி என்ற இடத்தில் நங்கூரம் போட்டு, சிறு படகில் கரைசேர்த்தார்கள். செலவைக் குறைக்க எண்ணி நான் வாடகை வண்டி பிடித்தேன். வெரோபேசோ சந்தையைப் பார்த்து நேரம் போனதே தெரியவில்லை. அந்தப் பெயருக்கு 'எடையைப் பார்' என்று பொருள். போர்த்துகீசிய அரசு சரக்கை நிறுத்து வரி வாங்கிய இடமாம். பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு முள்ளையே பார்த்து நின்ற அம்மாவுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

அங்கே பிற்பகல் மழை பேர்போனது. அன்றும் கொட்டியது. வண்டிகள் நகரவில்லை. கடைசிப் படகின் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். அம்மா நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிக்கனம் பார்த்த என்னை நானே நொந்துகொண்டேன். முதியோரோடு போகிறவர்கள் தொலைவான துறைமுகங்களில் கப்பல் சுற்றுலாவிலேயே போங்கள். தனியே போனால் இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிடுங்கள். இன்னொன்று: மனாவுஸ் நகரின் நேரம் பெலெம் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கைத்தொலைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றாமலிருக்கலாம். கப்பல் நேரத்தை ஒரு கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சன்தாரெம்

கலங்கிய அமேசானும் தெளிந்த தப்பாஜோஸ் ஆறும் சேருமிடத்தில் இருக்கிறது சன்தாரெம். நாங்கள் தேடி வந்த ஊர் இதுதான். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் தப்பாஜோஸ் கரைக் காடுகளில் சுமார் 70,000 ரப்பர் விதைகளைச் சேகரித்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு போனார். முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சம். அவற்றின் வழியாக 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்குக் காரணமான மரம் அப்படித்தான் இந்த மண்ணில் வேர்விட்டது.

சுற்றுலாவில் ரப்பர் மரம் வெட்டிக் காட்டும் இடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நிரையும் இல்லை, நம்பரும் இல்லை. காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கின்றன. அந்தக் காலத் தொழிலாளி விடியுமுன் விளக்கோடு ஒற்றையடிப் பாதையில் நடந்து நூற்றுக்கு மேற்பட்ட மரங்களை வெட்டுவானாம். பாலைப் புகையில் காட்டி உருண்டையாக்கி முதலாளியிடம் கொடுப்பான். அரிசிக்கும் உப்புக்கும் அதே முதலாளியிடம் கடன். அந்தக் கடன் தீராது. வழிகாட்டி இதைச் சொன்னபோது அம்மா தலையாட்டிக் கேட்டார். நமக்குத் தெரியாத கதையா?

மரம் வெட்டிக் காட்டியவர் முதியவர். அம்மா பக்கத்தில் போய் வெட்டுக்காயத்தைத் தடவிப் பார்த்து, "ரொம்ப ஆழமா வெட்டுறாரு, மரத்துக்கு வலிக்கும்" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவர் அம்மாவின் கையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். கத்தியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா இழுத்த கோட்டில் பால் வந்து மங்கில் சொட்டியது. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

மூன்று கொட்டைகள்

மனாவுஸ் கடலிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆற்றுநீர் ஆண்டுதோறும் சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்குவதால், மிதக்கும் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். கரிய நிற நெக்ரோ ஆறும் பழுப்பு நிற சொலிமோயிஸ் ஆறும் பல கிலோமீட்டர் கலவாமல் ஓடுவதைப் பார்க்கத் தவறாதீர்கள். நகர நடுவே ரப்பர் பணத்தில் எழுந்து 1896-இல் திறக்கப்பட்ட இசை நாடக அரங்கம் இருக்கிறது. 1913-இல் ஆசியத் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சியதும் இந்த நகரத்தின் செல்வம் வடிந்தது. நம்மவர் வெட்டிய பால், இவர்களின் வாழ்வைக் கவிழ்த்தது.

விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது அம்மாவின் முந்தானை முடிச்சில் மூன்று ரப்பர் கொட்டைகளைக் கண்டேன். சன்தாரெத்தில் பொறுக்கியிருக்கிறார். சிறுவயதில் நாமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கையால் குத்தி உடைத்து விளையாடிய அதே கொட்டை.

அதைக் கொண்டுவரக் கூடாது, வாசகர்களே. அங்கே ரப்பர் இலையைக் கருக்கி உதிர்க்கும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் காட்டில் அது மெல்லப் பரவும். நெருக்கி நட்டால் மரத்துக்கு மரம் தாவும். ஃபோர்டு கார் கம்பெனி 1928-இல் தப்பாஜோஸ் கரையில் தொடங்கிய பெரும் ரப்பர்த் தோட்டம் நிலைக்காமல் போனதற்கு இந்த நோய் ஒரு முக்கிய காரணம். 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நோய் நம் பக்கம் இன்னும் காலூன்றவில்லை. அதனால்தான் நிரை நிரையாக நட்ட நம் மரங்கள் பிழைத்திருக்கின்றன. அனுமதியில்லாமல் விதையோ இலையோ செடியோ கொண்டுவருவதை மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்புச் சட்டம் தடுக்கிறது.

விளக்கிச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"ஒருத்தன் எழுபதாயிரம் கொட்டைய அள்ளிக்கிட்டுப் போனான். எனக்கு மூணு கொட்டை கூடாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியராக இருந்தும் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து அம்மாவே கேட்டார்: "பஹாங் பக்கம் உங்க மாமா இன்னும் நாலு ஏக்கர் ரப்பர் வச்சிருக்கான் இல்ல?" ஆமாம் என்றேன். அம்மா எழுந்து வெளியே போய், தோட்டத்து மண்ணில் விரலால் குழி பறித்து, மூன்றையும் புதைத்துவிட்டு வந்தார்.

அன்றிரவு காலணிகளின் அடியை உரசிக் கழுவினேன். காட்டில் உடுத்திய துணிகளைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். நீங்களும் மறக்காமல் செய்யுங்கள். திரும்பி வந்ததும், அன்றே எந்த ரப்பர்த் தோட்டத்துக்குள்ளும் நுழையாதீர்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் போய் வாருங்கள், வாசகர்களே. உங்கள் வீட்டில் மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் இருந்தால், நடமாட்டம் இருக்கும்போதே அழைத்துப் போங்கள். அங்கே ஒரு மரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது போதும்.